950 யூரோ போச்சு: நெதர்லாந்தில் பழைய இ-பைக் வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

இங்கே ஐந்தோவன் நகருக்கு ஒரு வருடம், ஒன்றரை வருடம் என்று வேலைக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பழைய இ-பைக் (மிதிக்கும்போது பேட்டரி மோட்டார் உதவுகிற சைக்கிள்) விற்கும் ஒரு கடையில் எனக்கு 950 யூரோ போய்விட்டது. நம்மூர்க் கணக்கில் எண்பதாயிரத்துக்கும் மேல். கடைக்காரனோடு சண்டை போட்டுவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன், இன்னும் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. கடையின் பெயரைப் பொதுவில் போட்டால் அவதூறு அது இது என்று இழுப்பான், நானோ அடுத்த வாரம் விமானம் ஏறுகிறேன். அதனால் பெயர் வேண்டாம். பழைய சைக்கிளும் இ-பைக்கும் வாங்கி விற்கிற, ரிப்பேரும் பார்க்கிற ஒரு சின்னக் கடை. அவ்வளவுதான் சொல்ல முடியும். வாங்கும்போது என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

எனக்கு ஆபீஸ் வெல்தோவன் பக்கம். வழியில் ஹோவன்ரிங் இருக்கிறது. கார்கள் கீழே போக, சைக்கிள்களுக்கென்று மட்டும் அந்தரத்தில் வட்டமாகத் தொங்குகிற பாலம், 2012-இல் திறந்தது. பார்க்க அழகுதான். ஆனால் எதிர்காற்றில் அதன்மேல் ஏறிப் பாருங்கள், தெரியும். இந்த நாட்டில் மலை கிடையாது, அதற்குப் பதிலாகக் காற்று இருக்கிறது. இரவல் சைக்கிளில் கொஞ்ச நாள் மிதித்துவிட்டு, மழையும் காற்றுமாக நனைந்து போய் ஆபீஸில் உட்கார்ந்து அலுத்துப்போனதில் இ-பைக் தேட ஆரம்பித்தேன். 250 வாட் மோட்டார், 25 கிலோமீட்டர் வேகம் வரை உதவி செய்கிற ரகத்துக்கு இங்கே லைசென்ஸும் வேண்டாம், நம்பர் பிளேட்டும் வேண்டாம். புதிது என்றால் ஓரளவு நல்லதே இரண்டாயிரம் யூரோவைத் தாண்டும். ஒரு வருடத்துக்காக யார் அவ்வளவு போடுவது? பழையது வாங்கலாம் என்று அந்தக் கடைக்குப் போனேன்.

உள்ளே நுழைந்ததும் அந்த ஆள் காபி கொடுத்தான். கேட்ட முதல் கேள்வியே, "எவ்வளவு நாள் இங்கே இருப்பீர்கள்?" அடுத்த வசந்த காலத்துக்குள் திரும்பிவிடுவேன் என்றேன். முகம் அப்படியே மலர்ந்தது. "அப்படியென்றால் இதை வாங்குவதாக நினைக்காதீர்கள், வாடகையாக நினைத்துக்கொள்ளுங்கள். இப்போது 950 கொடுங்கள், கிளம்பும்போது வண்டியைக் கொண்டுவாருங்கள், 500 நான் திருப்பித் தருகிறேன்" என்றான். தன் போனை எடுத்து, அவனிடம் வாங்கிய இந்தியப் பையன்கள், பெண்கள் எல்லாம் சைக்கிளோடு சிரித்துக்கொண்டு நிற்கிற படங்களைக் காட்டினான். ஒவ்வொருவரும் எந்த நிறுவனம் என்பதுவரை சொன்னான்.

அதற்கு மேல் ஒன்று செய்தான் பாருங்கள். "பணம் இப்போது வேண்டாம். சனி, ஞாயிறு ஓட்டிப் பாருங்கள். பிடித்தால் செவ்வாய்க்கிழமை வந்து கொடுங்கள்." போன் நம்பரை மட்டும் எழுதிக்கொண்டு, முன்பின் தெரியாத என் கையில் சாவியைக் கொடுத்துவிட்டான். இப்படி ஒரு மனிதனை எப்படிச் சந்தேகப்படுவது? நம்மூரில் வாடகை சைக்கிளுக்கே வீட்டு விலாசம், அப்பா பெயர் எல்லாம் கேட்பார்கள்.

அந்த வண்டி பறந்தது. ஐந்தோவனிலிருந்து நூனென் போகும் வழியில், வான் கோ ஓவியத்தைப் போல இரவில் கற்கள் ஒளிரும் சைக்கிள் பாதை இருக்கிறது. அங்கே போனேன், அப்புறம் நூனெனைச் சுற்றினேன், திரும்பி வந்தேன். பேட்டரியில் ஒரே ஒரு கட்டம்தான் இறங்கியிருந்தது. அம்மாவுக்கு அனுப்புவதற்காக வண்டியைச் சாய்த்து நிறுத்திப் படம் எடுத்தேன். நல்லவேளை எடுத்தேன். பின்னால் கேரியருக்குக் கீழே பேட்டரி, அதன் மூலையில் விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைப் பெயிண்ட் தீற்றல். படத்தில் பளிச்சென்று தெரிகிறது.

செவ்வாய்க்கிழமை கார்டில் 950 யூரோ கட்டினேன். கடையின் விசிட்டிங் கார்டுக்குப் பின்னால், கிளம்பும்போது 500 திருப்பித் தருவதாக டச்சில் எழுதிக் கொடுத்தான். "செயின், பிரேக் கட்டை எல்லாம் புதிதாகப் போட்டு, சர்வீஸ் பண்ணித் தருகிறேன், இலவசம். வண்டியை இன்று விட்டுவிட்டுப் போங்கள்" என்றான். விட்டுவிட்டு வந்தேன். மறுநாள் போனபோது வண்டி துடைத்துப் பளபளவென்று நின்றது. கையில் இரண்டு சாவி கொடுத்தான்: ஒன்று பின்சக்கரப் பூட்டுக்கு, ஒன்று பேட்டரிக்கு. வார இறுதியில் ஒரே சாவியில் இரண்டும் திறந்ததே என்றேன். "பழைய பூட்டு துருப்பிடித்திருந்தது, மாற்றிவிட்டேன். அதற்கும் உங்களிடம் காசு வாங்கவில்லை" என்று தோளைத் தட்டாத குறையாகச் சொன்னான். பூட்டில் துளி புதுமை இல்லை என்பதை இப்போது சொல்கிறேன்.

கொஞ்ச நாளில் பேட்டரி ஆபீஸுக்குப் போய்த் திரும்புவதற்கே திணற ஆரம்பித்தது. அப்போது தொடங்கியது அவனுடைய சாக்கு வரிசை. முதலில், "நீங்கள் எப்போதும் அதிக வேகத்தில் வைத்து ஓட்டுகிறீர்கள்." அப்புறம், "எதிர்காற்றில் அப்படித்தான் இறங்கும்." அடுத்து, "இரவெல்லாம் சார்ஜில் போடுகிறீர்கள் போல." கோடையில் போனால் கடை மூன்று வாரம் விடுமுறை என்று கதவில் தாள். திறந்த பிறகு போனால், "முதலாளி இல்லை." நானும் இத்தனை நாள் இவனைத்தான் முதலாளி என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்! குளிர் வந்ததும் அவனுக்குக் கொண்டாட்டம்: "லித்தியம் பேட்டரி, குளிரில் சக்தி குறையும், மார்ச்சில் சரியாகிவிடும்." அவன் சொன்ன ஒவ்வொன்றிலும் பாதி உண்மை இருப்பதுதான் கொடுமை. குளிரில் குறையும்தான், காற்றில் இறங்கும்தான். ஆனால் பாதி வழியில் படுத்துவிடுகிற பேட்டரிக்கு அதெல்லாம் பதிலா? கடைசியில், "பேட்டரி தயாரித்த நிறுவனத்திடம் கேளுங்கள்" என்று கையை விரித்தான்.

கூட வேலை பார்க்கும் திருநெல்வேலி அண்ணன் ஒருவர்தான், "ஏம்மா, அவன்கிட்டயே போய் நின்னுக்கிட்டு இருக்கே? இந்த மோட்டார் கம்பெனியோட டீலர்கிட்ட கொண்டு போய் கம்ப்யூட்டர்ல மாட்டிப் பாரு, சாதகமே வந்துரும்" என்றார். கட்டணம் கட்டிப் பார்த்தேன். டீலர் கடையில் லேப்டாப்பில் இணைத்து ஒரு தாள் அச்சடித்துக் கொடுத்தார்கள். இத்தனை முறை சார்ஜ் ஆகியிருக்கிறது, இவ்வளவு கொள்ளளவு மீதம் என்று. மீதம் பாதிகூட இல்லை. "இந்தப் பேட்டரி உங்கள் வண்டியைவிடப் பழையது" என்றார் அந்த மெக்கானிக். வண்டியின் ஆண்டு ஒன்று, பேட்டரியின் ஆண்டு அதற்கு ரொம்ப முந்தையது. அப்போதுதான் அம்மாவுக்கு அனுப்பிய படம் ஞாபகம் வந்து போனைத் தேடினேன். என் பேட்டரியின் மூலையில் அந்த வெள்ளைத் தீற்றல் இல்லை. துடைத்த அடையாளமும் இல்லை. இது வேறு பேட்டரி. ஓட்டிப் பார்க்க நல்லதைக் கொடுத்து, காசு வாங்கிய பிறகு 'இலவச சர்வீஸ்' என்று உள்ளே வாங்கி, செத்ததை மாட்டிக் கொடுத்திருக்கிறான். பூட்டை மாற்றியதாக ஏன் சொன்னான் என்பதும் விளங்கிவிட்டது. அவன் மாட்டிவிட்ட செத்த பேட்டரியின் சாவி வேறு, அதை மறைக்கத்தான்.

இன்று படத்தையும் தாளையும் எடுத்துக்கொண்டு போனேன். படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை. "வெளிச்சம் பட்டு அப்படித் தெரிகிறது" என்றான். சரி, 500-ஐக் கொடு, வண்டியை எடுத்துக்கொள் என்று விசிட்டிங் கார்டை நீட்டினேன். வண்டியைச் சுற்றி வந்தான், பேட்டரி பட்டனை அழுத்தினான், உதட்டைப் பிதுக்கினான். "நல்ல நிலையில் இருந்தால்தான் 500. இதில் பேட்டரி போய்விட்டதே. 75 தருகிறேன்."

அவன் மாட்டிய பேட்டரி! அதைக் காட்டியே விலையைக் குறைக்கிறான்! 950 யூரோ வாங்கிக்கொண்டு 75 தருகிறானாம். இதைத் தட்டச்சு செய்யும்போதே கை நடுங்குகிறது.

வங்கியில் முன்பே கேட்டுப் பார்த்துவிட்டேன். டெபிட் கார்டில் நேரில் நீங்களே கட்டிய பணம், நாங்கள் திரும்ப எடுக்க முடியாது என்றார்கள். போலீஸில் இது சிவில் விவகாரம் என்றார்கள். சட்டம் என்னவோ என் பக்கம்தான். இந்த நாட்டில் கடையில் வாங்கிய பொருளுக்கு, பழையதாக இருந்தாலும், விற்ற கடைதான் பொறுப்பு. தயாரித்தவரிடம் போ என்று தள்ளிவிட முடியாது. 2022-இலிருந்து, வாங்கி ஒரு வருடத்துக்குள் பழுது வந்தால், விற்கும்போது சரியாக இருந்தது என்று நிரூபிக்க வேண்டியவனும் கடைக்காரன்தான். ரசீதில் 'பேட்டரிக்கு உத்தரவாதம் இல்லை' என்று பொடி எழுத்தில் அடித்திருந்தாலும் அது செல்லாது. கன்சூவைசர் என்கிற அரசுத் தளத்தில் இதெல்லாம் இருக்கிறது, அனுப்ப வேண்டிய கடிதத்தின் மாதிரியும் இருக்கிறது. பதிவுத் தபாலில் கெடு வைத்து அனுப்ப வேண்டும், மசியாவிட்டால் வக்கீல் இல்லாமலே சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போகலாம். எனக்கு நேரம் எங்கே இருக்கிறது? அதுதானே அவன் கணக்கு! முதல் நாளே "எவ்வளவு நாள் இருப்பீர்கள்" என்று ஏன் கேட்டான் என்று நினைக்கிறீர்கள்?

இந்த வண்டியை ஊருக்கும் கொண்டுபோக முடியாது. 160 வாட்-மணிக்கு மேல் கொள்ளளவு உள்ள பேட்டரி பயணிகள் சாமானில் ஏறாது, பெட்டியிலும் சரி, கையிலும் சரி. இ-பைக் பேட்டரி சாதாரணமாகவே 400, 500 இருக்கும்.

சரி, விவரமாக எழுதுகிறேன் என்றேன், பெட்டி கட்ட வேண்டும், ஆகவே சுருக்கமாக. ஓட்டிப் பார்க்கும்போதே பேட்டரியின் சீரியல் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பணம் கட்டிய பிறகு அதே எண்தானா என்று பாருங்கள். காசு கட்டிவிட்டு வண்டியைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். பேட்டரி சோதனைத் தாளை வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். ஃபிரேம் எண்ணைப் போலீஸின் திருட்டுப் பொருள் தளத்தில் போட்டுப் பாருங்கள், திருட்டு வண்டி என்றால் நாமும் மாட்டுவோம். திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று எவன் சொன்னாலும், என்ன நிலையில், எவ்வளவுக்கு என்று ரசீதிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஒரு வருடம்தான் இருக்கப் போகிறீர்கள் என்றால் மாத வாடகை சைக்கிளே மேல். வாயைத் திறந்து திரும்பிப் போகிற தேதியை மட்டும் எந்தக் கடையிலும் சொல்லாதீர்கள்.

கடையின் பெயர் வேண்டுமென்றால் தனியாகச் செய்தி அனுப்புங்கள், விமானம் ஏறும்வரை பதில் சொல்கிறேன். வண்டி வேண்டுமானாலும் கேளுங்கள். மோட்டார், ஃபிரேம், சக்கரம் எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன, சார்ஜரும் இருக்கிறது, பேட்டரி மட்டும் நீங்கள் வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். விலை பேசிக்கொள்ளலாம், 75-க்குக் கேட்காமல் இருந்தால் சரி.