காரின் ஆசனப்பட்டியைக் கழுவக் கொடுக்க முன் இதை வாசியுங்கோ

கிளிநொச்சிப் பக்கம் வாகனத்தின் உட்புறம் கழுவித் தருகிற ஒரு இடத்தில் என் காரின் முன் ஆசனப்பட்டிகள் இரண்டையும் பழுதாக்கித் தந்திருக்கிறார்கள். இடத்தின் பெயரை எழுதவில்லை. இதே வேலையை இதே மாதிரி வேறு இடங்களிலும் செய்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அதனால் என்ன செய்தார்கள் என்பதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏ9 வீதியை விட்டு இறங்கினால் எங்களுக்குச் செம்மண் ஒழுங்கைதான். புழுதியும் வியர்வையும் சேர்ந்து, சாம்பல் நிறப் பெல்ற் தோளில் படுகிற இடத்தில் மண்ணிறமாகிவிடும். வெள்ளைச் சட்டையோடு கோயிலுக்குப் போனால் நெஞ்சில் குறுக்காக ஒரு கோடு விழும். அதைக் கழுவத்தான் கொடுத்தேன். "ஒண்டும் யோசியாதேங்கோ அண்ணை, புதுசு மாதிரித் தாறம்" என்றார் முதலாளி.

பின்னேரம் எடுக்கப் போனால் பெல்ற் உண்மையிலேயே வெளிறித்தான் இருந்தது. கதவைத் திறந்ததும் மூக்கைக் குத்துகிற மணம். கேட்டதற்கு வேலை செய்த பொடியன் மறைக்கவும் இல்லை. "கக்கூசுக்கு ஊத்துற பிளீச்தான் அண்ணை, தண்ணி கலந்து தேச்சனாங்கள். எல்லா வாகனத்துக்கும் உதுதான்." போதாக்குறைக்கு பிரஷர் தண்ணியை பட்டி சுருளுகிற ஓட்டைக்குள்ளேயே அடித்து, ஈரத்தோடு உள்ளே சுருள விட்டிருக்கிறார்கள்.

கொஞ்ச நாளில் பூஞ்சணம் மணக்கத் தொடங்கியது. விளிம்பில் நூல் பிரிந்தது. இழுத்த பெல்ற் திரும்பிப் போகாமல் தொங்கியது. வெடுக்கென்று இழுத்தால் பட்டி அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும் அல்லவா, இடப்பக்கப் பட்டி சிலவேளை பிடிக்கும், சிலவேளை சும்மா வரும். எனக்குப் பயம் பிடித்தது அப்போதுதான்.

பட்டி பொலியெஸ்டர் நூலில் நெய்தது. மோதும்போது ஒரு ஆளின் முழுப் பாரத்தையும் தாங்குவது அந்த நூல்தான். பிளீச்சும் சாயமும் போட்டால் நூல் பலமிழக்கும், போடாதீர்கள் என்று வாகனக் கைநூல்களிலேயே எச்சரித்திருக்கும். ஆனால் இங்கே ஓடுகிற கன கார்கள் ஜப்பானில் இருந்து வந்தவை, கைநூலும் ஜப்பான் மொழியில். யார் வாசிப்பது?

திரும்பிப் போய்ச் சண்டை பிடித்தேன். பாதிக் காசு தந்தார்கள். "அடிபட்ட காரில கழட்டின பெல்ற் கிடக்கு, போட்டுவிடட்டோ?" என்றும் கேட்டார் முதலாளி. இது பிளீச்சைவிட மோசம். கன கார்களில் மோதும் கணத்தில் ஒரு சின்ன வெடிமருந்து வெடித்துப் பட்டியை இறுக்கும். அது ஒருமுறைதான் வேலை செய்யும். பட்டியின் நூலும் அப்போதே இழுபட்டிருக்கும். இதே வெடிமருந்துக்காகத்தான் பட்டி சுருளுகிற பெட்டியை வீட்டில் கழற்றிப் பார்க்கவும் கூடாது.

வீட்டில் கழுவ ஒரு கஷ்டமும் இல்லை. பட்டியை முழுதாக வெளியே இழுத்து, மேலே திரும்பாதபடி ஒரு கிளிப்பால் பிடித்துவிடுங்கள். இளஞ்சூட்டுத் தண்ணியில் மென்மையான சவர்க்காரம் கொஞ்சம். துணியை நனைத்துப் பிழிந்து, நெசவின் நீளப்பாட்டுக்குத் துடையுங்கள். பிறகு வெறும் தண்ணியில் நனைத்த துணியால் சவர்க்காரம் போகத் துடையுங்கள். தோளுக்கு மேலே பட்டி நுழைந்து வருகிற வளையத்தையும் மறக்க வேண்டாம், அங்கே அழுக்குச் சேர்ந்தாலே பெல்ற் மெதுவாகத்தான் திரும்பும். கதவைத் திறந்து, நிழலில், காற்றில் முழுக்கக் காயும்வரை கிளிப்பை எடுக்காதீர்கள். கறை கொஞ்சம் மிஞ்சினால் மிஞ்சட்டும்.

2011 முதல் சாரதியும் முன் ஆசனத்தில் இருப்பவரும் பட்டி போட வேண்டும் என்பது சட்டம். மறிக்கிற பொலிஸ் பார்ப்பது போட்டிருக்கிறதா என்பதை மட்டும்தான். அது தாங்குமா என்று நாங்கள்தான் பார்க்க வேண்டும். ஏற்கெனவே கடையில் கழுவியவர்கள் இன்றைக்கே பட்டியை முழுதாக இழுத்து விளிம்பைத் தடவிப் பாருங்கள், வெடுக்கென்று இழுத்தும் பாருங்கள். நூல் பிரிந்திருந்தாலோ பிடிக்காவிட்டாலோ புதுசு மாற்றத்தான் வேண்டும். நான் வவுனியாவில் ஓடர் கொடுத்திருக்கிறேன். அது வரும்வரை கார் வீட்டில்தான் நிற்கிறது.