ஒரு டூல் பெல்ட், மூன்று ஏப்ரன், ஒரு பென்சில்

இதை எழுதக் காரணமே பென்சில்தான். கோடு போட்டுவிட்டு எங்கேயோ வைப்பேன், அடுத்த கோட்டுக்குக் கையை நீட்டினால் இருக்காது. மரச்சீவலுக்கு அடியில் கிடக்கும், இல்லையென்றால் என் காதிலேயே இருக்கும். பென்சில் மட்டும் என்றால் பரவாயில்லை, டேப், சின்ன ஸ்கேல், கோடு கீறும் கத்தி எல்லாம் சேர்ந்து கண்ணாமூச்சி ஆடும். இதற்கு ஒரு வழி பண்ணலாம் என்று ஆறு வருடத்தில் ஒரு டூல் பெல்ட்டும் மூன்று ஏப்ரனும் வாங்கிவிட்டேன். அதில் ஒன்றுதான் இன்றைக்குப் பட்டறைக் கதவின் ஆணியில் தொங்குகிறது. மற்றவை ஏன் தோற்றன, தேறியதிலும் என்ன கோளாறு என்று சொல்லிவிடுகிறேன், வாங்க நினைப்பவர்களுக்கு உதவும். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். கம்பெனியை விட எப்படித் தைத்திருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம்.

முதலில் வாங்கியது டூல் பெல்ட். இரண்டு பக்கமும் தோல் பை, சுத்தியல் மாட்ட ஒரு வளையம், டேப்புக்குத் தனிக் கூடு, அகலமான இடுப்பு வார். கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றபோது பிறவித் தச்சன் மாதிரி இருந்தது, அதை மறுக்க மாட்டேன். பட்டறைக்குள் போய்ப் பத்து நிமிடத்தில் அந்தப் பெருமை இறங்கிவிட்டது. இழைப்புளி தள்ளும்போது மேசையை ஒட்டி நிற்க வேண்டும், இடுப்பும் தொடையும் மேசை விளிம்பில் படிந்தால்தான் உடம்பின் பலம் பலகைக்குப் போகும். சரியாக அந்த இடத்தில்தான் பெல்ட்டின் பை உட்கார்ந்திருக்கிறது. பையைப் பின்னால் தள்ளினால் திரும்பும்போதெல்லாம் எதிலாவது இடிக்கிறது. பசை தடவி கிளாம்ப் போட்டு நிறுத்தியிருந்த ஒரு சட்டத்தைச் சுத்தியலின் பிடியே தட்டிவிட்டது, மூலைமட்டம் வைத்துப் பார்த்தபோது ஒரு மூலை கோணலாகியிருந்தது. நல்லவேளை பசை இறுகவில்லை. ஸ்டூலில் உட்காரவும் முடியாது, குனிந்தால் ஆணிகள் கொட்டும்.

பெல்ட்டைக் குறை சொல்ல வரவில்லை. வீடு வீடாகப் போய் அலமாரி பொருத்துகிற நண்பர் ஒருவர் இருக்கிறார், அவருக்கு அது இல்லாமல் ஒரு நாள் ஓடாது. ஏணியின் உச்சியில் நிற்பவருக்கு ஒரு ஸ்குரூ வேண்டும் என்றால் இறங்கி ஏற வேண்டும், அவர் இடுப்பில்தான் எல்லாம் இருக்க வேண்டும். என் பட்டறையில் எந்தக் கருவியும் இரண்டு எட்டுக்கு மேல் தள்ளி இல்லை. சுவரில் மாட்டியிருக்கும் உளியை எடுத்து இடுப்பில் சுமந்துகொண்டு மறுபடி மேசைக்கே வருவது என்ன கணக்கு? இப்போதும் வீட்டுக்குள் கதவு மாட்டவோ சுவரில் பலகை அடிக்கவோ போனால் பெல்ட்டைத்தான் கட்டிக்கொள்கிறேன். பட்டறைக்குள் அதற்கு வேலை இல்லை.

அடுத்தது ஏப்ரன். முதல் ஏப்ரன் மெல்லிய பருத்தித் துணி, கழுத்தில் ஒரு வளையம், இடுப்பில் பின்னால் கட்ட இரண்டு நாடா. சமையலறையில் போடுவதற்கு நாலு பை தைத்தால் எப்படியோ அப்படி. வெறுமையாகப் போட்டால் ஒன்றும் தெரியாது. டேப்பும் ஸ்கேலும் சின்ன மூலைமட்டமும் சேர்ந்தவுடன் மொத்த எடையும் பிடரியில் இறங்குகிறது. அரை நாள் வேலைக்குப் பிறகு கழுத்து வலிக்கும்போது முதலில் வயதைத்தான் சந்தேகப்பட்டேன், பிறகுதான் வளையத்தைச் சந்தேகப்பட்டேன். அப்புறம் அந்த நாடா. அது நீளம், முன்னால் கொண்டுவந்து முடிச்சுப் போட்டால் இரண்டு நுனியும் தொங்கும். கடைசல் இயந்திரமோ துளை போடும் டிரில் பிரஸ்ஸோ ஓடும் இடத்தில் தொங்குகிற எதுவும் ஆபத்து. சுழலும் சக்கில், அதாவது துளைமுனையையோ கட்டையையோ கவ்வும் பிடியில், நாடா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் கையால் இழுத்து ஜெயிக்க முடியாது, கழுத்து வளையம் தையல் விடாமல் உறுதியாக இருந்தால் இன்னும் மோசம். கையுறை போட்டுக்கொண்டு கடையக் கூடாது என்பதற்கும் இதே காரணம்தான்.

அதைத் தூக்கிப் போட வைத்தது வேறு ஒரு சம்பவம். உடைந்த மூலை ஒன்றை ஒட்ட சூப்பர் குளூ எடுத்தேன், குப்பியை அழுத்தியதில் நாலைந்து சொட்டு ஏப்ரன் மேல் விழுந்தது. துடைத்துக்கொள்ளலாம் என்று விட்டேன். தொடையில் சுருக்கென்று சுட்டது, துணியிலிருந்து ஆவி மாதிரி ஏதோ கிளம்பியது. அந்தப் பசை, அதாவது சயனோஅக்ரிலேட், பருத்தி இழையில் பட்டால் மிக வேகமாக இறுகும், இறுகும்போது வெப்பம் வரும், தோல் வெந்துபோகிற அளவுக்கும் வரலாம். இது எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும், குப்பியிலேயே எழுதியிருந்தது. பெரிய காயம் இல்லை, ஒரு சிவப்புத் திட்டு. ஆனால் மெல்லிய பருத்தி ஏப்ரன் மேல் இருந்த நம்பிக்கை அன்றோடு போயிற்று.

இரண்டாவது ஏப்ரன் தோலில் தைத்தது. இங்கேதான் காசை அதிகம் விட்டேன். பார்க்க அவ்வளவு அழகு, கனமான தோல், பித்தளை பக்கிள், தாமிர ரிவெட். வீட்டுத் தராசில் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. இரும்பு வேலை செய்கிறவர்களுக்கு, தீப்பொறி பறக்கிற இடத்தில், தோலை மிஞ்ச எதுவும் இல்லை. மரவேலையில் தீப்பொறி எங்கே வருகிறது? வியர்வைதான் வருகிறது. தோல் ஏப்ரன் போட்டால் மேசை ரம்பம் பலகையைத் திருப்பி வீசினாலும் தாங்கும் என்று சிலர் சொல்வார்கள், அதை நம்பி ரம்பத்துக்கு நேராக நிற்காதீர்கள். 10 அங்குல வட்ட ரம்பம் நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றினால் பல்லின் நுனி மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தோடு கிளம்பும் கட்டைக்கு முன்னால் சில மில்லிமீட்டர் தோல் என்ன செய்யும்? ரம்பத்துக்குப் பின்னால் ரைவிங் நைஃப் (அறுபட்ட பலகை ரம்பத்தை நெரிக்காமல் தடுக்கும் தகடு) இருக்க வேண்டும், நாம் கொஞ்சம் ஒதுங்கி நிற்க வேண்டும், காப்பாற்றுவது அவைதான்.

தோல் ஏப்ரனை நான் மன்னிக்காத காரணம் அந்தப் பித்தளை பக்கிள். மூன்று வாரம் இழைத்து, உப்புத்தாள் போட்டு, எண்ணெய் ஏற்றி முடித்த மேசைப் பலகை. அந்தப் பக்கம் விழுந்த ஒரு துணியை எடுக்கக் குனிந்தேன். நிமிர்ந்து பார்த்தால் பலகையின் நடுவே ஒரு சாண் நீளத்துக்குக் கீறல், பக்கத்தில் ரிவெட் பதிந்த குழி இரண்டு. குழிகளை ஈரத்துணியும் இஸ்திரிப்பெட்டியும் வைத்து ஆவி காட்டி ஓரளவு எழுப்பிவிட்டேன். கீறலுக்கு மறுபடி முதலிலிருந்து இழைக்க வேண்டியதாயிற்று. அதனால் கடையில் எந்த ஏப்ரனை எடுத்தாலும் முதலில் செய்ய வேண்டியது, வயிறும் மார்பும் படுகிற இடத்தில் உலோகம் ஏதாவது இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்ப்பது. இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அழகுக்காக அடிக்கிற ரிவெட்டுகள்தான் அதிகம், பை மூலையில் நல்ல நூலால் இரண்டு தரம் தைத்தாலே போதும்.

சரி, இப்போது தொங்குவது எது? மெழுகு ஏற்றிய கான்வாஸ், முதுகில் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே போகும் வார். 16 அவுன்ஸ் துணி என்று போட்டிருந்தது. அது ஒரு சதுர கஜத் துணியின் எடை, சதுர மீட்டருக்குச் சுமார் 540 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். நல்ல முரட்டு ஜீன்ஸை விடவும் தடிப்பு. எடை முழுக்கத் தோளில் உட்காருவதால் கழுத்துக்கு விடுதலை. கட்ட நாடா இல்லை, தொங்க ஒன்றும் இல்லை, வாரை ஒருமுறை அளவுக்குச் சரி செய்துவிட்டால் பனியன் மாதிரி தலைவழியே மாட்டிக்கொள்வதுதான். (முதல் வாரம் தினமும் வாருக்குள் கையை விடத் தெரியாமல் முறுக்கிக்கொண்டேன், மனைவி வந்து விடுவிக்க வேண்டியிருந்தது.) அளவு சரி செய்யும் வளையம் முதுகுப் பக்கம் இருக்கிறது, பலகையைத் தொடாது. மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசை, அதாவது பிவிஏ, சொட்டினால் மெழுகின் மேல் நன்றாக ஒட்டாது, காய்ந்த பிறகு நகத்தால் உரித்து எடுக்கலாம். இரண்டு திரவத்தைக் கலந்து ஒட்டும் எபாக்ஸி விழுந்தால் அது வேறு கதை, என் வலது பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பொட்டு நிரந்தரமாக இருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. புதிதில் மெழுகு வாடை, கூடவே பிசுபிசுப்பு. வெயில் காலத்தில் அது இன்னும் அதிகம். முதல் இரண்டு மாதம் பாலிஷ் போடப்போகிற பலகை மேல் இதைப் போட்டுக்கொண்டு சாயக் கூடாது, மெழுகு ஒட்டிய இடத்தில் பாலிஷ் சரியாகப் பிடிக்காது. வாஷிங் மெஷினில் போடவும் கூடாது, சுடுதண்ணீரும் சோப்பும் மெழுகைக் கழற்றிவிடும். பிரஷ்ஷால் தட்டி, பச்சைத் தண்ணீர் தொட்டுத் துடைக்க வேண்டும், வெளுத்த இடத்தில் மறுபடி மெழுகு தேய்த்துச் சூடு காட்ட வேண்டும். தோய்த்துப் போட்டே ஆக வேண்டும் என்கிறவர்கள் இதை வாங்காதீர்கள், மெழுகு இல்லாத தடித்த கான்வாஸ் போதும்.

இதன் பைகளைப் பற்றித்தான் அதிகம் சொல்ல இருக்கிறது. மார்பில் மூன்று, இடுப்பில் இரண்டு. மார்புப் பைக்கு மூடி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மரத்தில் பள்ளம் வெட்டும் ரூட்டர் இயந்திரம் வீசுகிற தூள் நேராக மார்புக்குத்தான் வரும், மூடி இல்லாத பை ஒரு மணி நேரத்தில் உண்டியல் மாதிரி நிரம்பிவிடும். கடைசல் வேலை செய்கிறவர்களின் மேலங்கியில் பை பின்பக்கம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான். இடுப்புப் பை வாய் திறந்தபடி நின்றால் மேசையில் கட்டையை இறுக்கிப் பிடிக்கும் வைஸின் குறுக்குக் கைப்பிடி அழகாக உள்ளே புகுந்துகொள்ளும், நாம் நடக்க, அது பிடித்து இழுக்க, ஒரே கூத்து. எனக்கு இரண்டு முறை ஆனது. பையின் வாயை உடம்போடு படிகிற மாதிரி இறுக்கித் தைத்திருந்தால் நல்லது.

ஸ்குரூ ஒட்டி வைக்க என்று மார்பில் ஒரு காந்தமும் வைத்திருந்தார்கள். யோசனை நல்லதுதான், ஆனால் உளி தீட்டும்போது பறக்கிற இரும்புத் தூளையும் அது பிடித்துக்கொள்கிறது. ஓக் மாதிரி டானின் என்கிற துவர்ப்புப் பொருள் அதிகமுள்ள மரத்தில் அந்தத் தூள் விழுந்து கொஞ்சம் ஈரமும் பட்டால் கருநீலக் கறை வந்துவிடும். பிளேடால் தையலைப் பிரித்துக் காந்தத்தை எடுத்துவிட்டேன், இப்போது அது தரையில் விழுந்த ஆணி பொறுக்கப் பயன்படுகிறது.

பைக்குள் நான் வைத்திருப்பது பென்சில், 15 செ.மீ. ஸ்கேல், டேப், மூடி போட்ட கோடு கீறும் கத்தி, காதடைப்பான். அவ்வளவுதான். உளி வைக்கத் தனிப் பள்ளம் தைத்து விற்கிறார்கள், அதைப் பார்த்தாலே எனக்குக் கூசுகிறது. தீட்டிய உளி முனை மேலே பார்த்து இருந்தால் குனியும்போது மார்பில், கீழே பார்த்து இருந்தால் உட்காரும்போது தொடையில். உளிக்கு இடம் மேசைதான். கருவிகளைச் சுமக்கத்தான் ஏப்ரன் என்று நினைத்து முதல் ஆறு மாதம் நானும் எல்லாவற்றையும் திணித்துப் பார்த்தவன்தான், அப்போதெல்லாம் பென்சிலை மேசையில் தேடுவதற்குப் பதில் ஐந்து பைக்குள் தேடிக்கொண்டிருந்தேன். வைக்கும் பொருள் குறைந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே பை என்று ஆன பிறகுதான் கை பார்க்காமலே போய் எடுக்கிறது.

இன்னும் இரண்டு விஷயம், இரண்டும் ஏப்ரனைக் கழற்றும்போது கவனிக்க வேண்டியவை. ஆளிவிதை எண்ணெய் பூசிவிட்டு ஏப்ரனில் கையைத் துடைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடாகும், துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கலாம். அதனால் இதைச் சுருட்டுவதே இல்லை, விரித்து ஆணியில் மாட்டுகிறேன். அப்புறம் தூள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995இலேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்துவிட்டது. வீட்டுக்குள் போய் உதறாதீர்கள், காற்று அடித்தும் ஊதாதீர்கள், வேக்குவத்தால் உறிஞ்சுங்கள். என் ஏப்ரன் பட்டறை வாசலைத் தாண்டுவதில்லை.

மூடி இருந்தும் பைகளின் அடியில் தூள் சேரத்தான் செய்கிறது. அதற்கு நானே ஒரு வைத்தியம் பார்த்தேன், ஒவ்வொரு பையின் கீழ் மூலையிலும் அரை அங்குலத் தையலைப் பிரித்துவிட்டேன். தூள் தானாக உதிர்ந்துவிடுகிறது, பிரமாதம். போன வாரம் பென்சிலைக் காணவில்லை என்று பத்து நிமிடம் தேடினேன். அதே ஓட்டை வழியாக இறங்கி என் செருப்புக்குப் பக்கத்தில் கிடந்தது.