ட்ரூ க்ரைமைப் பின்பக்கத்திலிருந்து புரட்டுங்கள்: ஒன்பது க்ரைம் புத்தகங்கள், ஒளிவுமறைவில்லாமல்

கற்பனையான த்ரில்லரையும், நிஜக் குற்றங்களைச் சொல்லும் ட்ரூ க்ரைமையும் கடைகளில் ஒரே தட்டில்தான் அடுக்குகிறார்கள். அட்டையும் ஒரே ஜாடை: கறுப்புப் பின்னணி, சிவப்பு எழுத்து, தூரத்தில் விளக்கெரியும் ஒரு வீடு. உள்ளே இருக்கும் சரக்கு மட்டும் வேறு. த்ரில்லர்காரர் நம்மிடம் தாராளமாகப் பொய் சொல்லலாம், ஆட்டத்தில் கள்ளத்தனம் பண்ணக்கூடாது. ட்ரூ க்ரைம் எழுதுகிறவருக்குப் பொய்யே கிடையாது. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்து "செம விறுவிறுப்பு, ஐந்து ஸ்டார்" என்று போடுவதால்தான் பலர் தப்பான புத்தகத்தை வாங்கி ஏமாறுகிறார்கள்.

முதலில் ட்ரூ க்ரைம். இந்த வகையில் எதை வாங்கினாலும் முன்னுரையை விட்டுவிட்டுக் கடைசி இருபது பக்கங்களைப் புரட்டுங்கள். அடிக்குறிப்பு இருக்கிறதா, யார் யாரிடம் பேசினார் என்று சொல்லியிருக்கிறாரா, எந்த வருடப் பதிப்பு, பின்னுரை சேர்த்திருக்கிறார்களா. இதைப் பார்க்க மூன்று நிமிடம் போதும். நடுவில் வழவழப்புத் தாளில் போட்டோக்கள் இருந்தால் அந்தப் பக்கங்களை மட்டும் திறக்காதீர்கள். கைவிலங்கோடு நிற்கும் ஆள் அங்கேதான் இருப்பார், கீழே பெயரும் போட்டிருக்கும்.

இந்த வகைக்கே தாய்ப் புத்தகம் என்று எல்லோரும் கைகாட்டுவது ட்ரூமன் கபோட்டியின் 'இன் கோல்ட் ப்ளட்'. 1959 நவம்பர் 15 அதிகாலை, அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஹோல்கோம்ப் என்ற சின்ன ஊரில் கிளட்டர் குடும்பத்தில் நான்கு பேர் கொல்லப்பட்டார்கள். வீட்டில் பெட்டகம் இருக்கிறது, அதில் பத்தாயிரம் டாலர் இருக்கிறது என்று சிறையில் கேட்ட பேச்சை நம்பி வந்த இருவருக்குக் கிடைத்தது ஐம்பது டாலருக்கும் குறைவு. பெட்டகமே கிடையாது. 1965-ல் 'நியூயார்க்கர்' இதழில் நான்கு பகுதிகளாக வந்து, 1966 ஜனவரியில் புத்தகமானது.

கட்டமைப்பில் இதை மிஞ்ச ஆள் இல்லை. கொன்றது யார் என்று ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். ஆனால் அன்றிரவு அந்த வீட்டுக்குள் என்ன நடந்தது என்பதை மூன்றாம் பகுதி வரை தள்ளி வைக்கிறார். அந்தக் காத்திருப்புதான் புத்தகத்தைத் தூக்கி நிறுத்துகிறது. துப்பு விஷயத்திலும் அவசரமே படுவதில்லை. அடித்தளத்தில் கிடந்த அட்டையில் ரத்தத்தில் பதிந்த பூட்ஸ் தடம் ஒன்று கண்ணுக்குத் தெரிந்தது. தூசியில் பதிந்த இன்னொரு தடம், வைர வடிவக் கோடுகள் கொண்டது, நேரில் பார்த்த யாருக்கும் தெரியவில்லை. போலீஸ் எடுத்த போட்டோவில்தான் அது எழுந்து வந்தது. அந்தப் பூட்ஸ்களைக் குற்றவாளிகள் தூக்கி எறியவில்லை. மெக்ஸிகோவிலிருந்து ஒரு பெட்டியில் போட்டுத் தங்கள் பெயருக்கே லாஸ் வேகாஸ் தபால் நிலையத்துக்கு அனுப்பிவைத்தார்கள். டிசம்பர் 30-ம் தேதி அதை வாங்கி வண்டியில் வைத்த கொஞ்ச நேரத்தில் பிடிபட்டார்கள். இப்படி ஒரு முடிச்சை நாவலில் எழுதினால், "போய்யா, நம்புற மாதிரி இல்லை" என்று நாமே சொல்லியிருப்போம்.

சிக்கல் வேறு இடத்தில். பேட்டியின்போது குறிப்பெடுக்கவில்லை, டேப்பும் வைக்கவில்லை, ஞாபகத்திலிருந்து பிறகு எழுதிக்கொண்டேன் என்று கபோட்டி பெருமையாகச் சொன்னார். சொல்லுக்குச் சொல் உரையாடல் வரும் இடங்களில் இதை மனதில் வையுங்கள். கல்லறைத் தோட்டத்தில் துப்பறியும் அதிகாரி, இறந்த பெண்ணின் தோழியைச் சந்திக்கும் கடைசிக் காட்சி கற்பனை என்பது பின்னால் வெளிவந்தது. சிறையிலிருந்து தகவல் வந்ததும் போலீஸ் உடனே பாய்ந்ததாகப் புத்தகம் காட்டுகிறது. நடுவில் சில நாட்கள் சும்மா போயின என்று ஆவணங்கள் காட்டுகின்றன. நாவலாக எடுத்தால் இது முதல் தரம். வழக்கின் வரலாறாக எடுத்தால் இரண்டாம் தரம். வாங்குகிறவர் எதற்காக வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் போதும்.

இதற்கு நேர் எதிர் மிஷெல் மெக்நமாராவின் 'ஐ வில் பி கான் இன் தி டார்க்'. 1970, 80-களில் கலிஃபோர்னியாவையே தூங்கவிடாமல் அடித்த ஒருவனை முப்பது வருடம் கழித்துத் தேடுகிற புத்தகம். 'கோல்டன் ஸ்டேட் கில்லர்' என்ற பெயரே அவர் வைத்ததுதான். 2016 ஏப்ரலில், புத்தகம் முடியும் முன்பே அவர் இறந்துவிட்டார். மீதியை அவருடைய ஆய்வு உதவியாளரும் ஒரு பத்திரிகையாளரும் அவருடைய குறிப்புகளிலிருந்து தொகுத்தார்கள். இந்த அத்தியாயம் அவர் எழுதியது, இது குறிப்புகளை ஒட்டவைத்தது என்று அங்கங்கே சொல்லியும் இருக்கிறார்கள். அதற்கே ஒரு மதிப்பெண் கூடுதல். ஒட்டுத்தையல் தெரியத்தான் செய்கிறது: காலம் முன்னும் பின்னும் குதிக்கும், ஊர்ப்பெயர்கள் மோதும், மூன்றாம் பகுதியில் நடை சட்டென்று காய்ந்துவிடும். ஒரு தாளில் சாக்ரமெண்டோ, கான்ட்ரா கோஸ்டா, தெற்குக் கலிஃபோர்னியா என்று மூன்று பத்தி போட்டு, சம்பவங்களின் வருடத்தைக் குறித்துக்கொண்டே படித்தால் குழப்பம் பாதி குறையும்.

பதிப்பு விஷயத்தில் இங்கே கவனம் தேவை. புத்தகம் வந்தது 2018 பிப்ரவரியில். ஏப்ரலில், இரண்டே மாதத்தில், ஜோசப் ஜேம்ஸ் டி ஆஞ்சலோ என்ற முன்னாள் போலீஸ்காரர் கைதானார். குற்ற இடத்து டிஎன்ஏவை வம்சாவளி தேடும் இணையதளத்தில் ஏற்றி, தூரத்து உறவினர்கள் வழியாக ஆளை நெருங்கினார்கள். 2020-ல் 13 கொலைகளை ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை பெற்றார். முதல் பதிப்பில் இதெல்லாம் இருக்காது. பழைய புத்தகக் கடையில் கிடைத்தாலும் தயங்காமல் எடுங்கள். பெயர் தெரியாதவனுக்கு எழுதிய கடிதமாக வரும் முடிவுரை, விடை தெரியாத அந்தப் பதிப்பில்தான் இன்னும் கனமாக விழுகிறது.

ஆன் ரூலின் 'தி ஸ்ட்ரேஞ்சர் பிசைட் மீ' (1980) இன்னொரு ரகம். சியாட்டிலில் தற்கொலைத் தடுப்பு மையத்தில் இரவு ஷிஃப்டில் ரூலோடு ஒன்றாக உட்கார்ந்து போன் எடுத்த சக ஊழியர், பின்னாளில் தொடர் கொலைகாரன் என்று தெரியவந்த டெட் பண்டி. அந்த ஊரில் தொடர்ந்து காணாமல் போகும் பெண்களைப் பற்றி எழுத ரூல் ஒப்பந்தம் போட்டபோது, தேடப்படுகிறவர் அவர்தான் என்று தெரியாது. நம்பவும் முடியாமல் விடவும் முடியாமல் அவர் ஊசலாடுகிற பக்கங்கள் அருமை. விசாரணைப் பகுதிகள் இழுவை. இதில் புதிய பதிப்புதான் வாங்க வேண்டும், பின்னுரைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே வந்திருக்கின்றன. அமெரிக்காவில் தன் கும்பலை ஏவிக் கொலைகள் செய்வித்த சார்ல்ஸ் மேன்சனின் வழக்கைச் சொல்லும் 'ஹெல்டர் ஸ்கெல்டர்' (1974) தலையணை சைஸ். எழுதியவர்களில் ஒருவர் அந்த வழக்கை நடத்திய அரசு வக்கீலே. வென்ற கட்சிக்காரர் எழுதிய வரலாறு என்று நினைத்துப் படித்தால் ஏமாற்றம் இல்லை.

நம்மூரிலும் இதே ரகத்தில் ஒன்று உண்டு, தமிழிலேயே: கே. ரகோத்தமனின் 'ராஜீவ் கொலை வழக்கு'. அந்த வழக்கின் தலைமைப் புலனாய்வு அதிகாரி அவர். 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர். படமெடுக்க வந்து குண்டுவெடிப்பில் இறந்துகிடந்த ஹரிபாபுவின் உடலில் இருந்த கேமராவில் மொத்தம் பத்து படங்கள். சந்தன மாலையோடு காத்து நிற்கும் மனித வெடிகுண்டு தனு, வெள்ளை குர்தாவில் பத்திரிகைக்காரர்போல, கொலைத் திட்டத்தை முன்னின்று நடத்திய சிவராசன் எல்லாம் அதில்தான் இருந்தார்கள். அந்தப் படங்களிலிருந்து ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் தேடிப் போகிற பகுதியை எந்த த்ரில்லரோடும் நிறுத்திப் பார்க்கலாம். இலக்கிய நடை எதிர்பார்க்காதீர்கள். கேஸ் டைரி எழுதிப் பழகிய கை, வாக்கியங்கள் வெட்டு வெட்டாக வரும், அதுவே பலமும்கூட. மேலிடத்தின்மீது அவர் வைக்கும் குற்றச்சாட்டுகள் அவருடைய தரப்பு. 26 பேருக்கு விதித்த தூக்கில் நான்கை மட்டும் உறுதிசெய்து, 19 பேரை விடுவித்த 1999-ம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் எது நிரூபணமானது, எது அவருடைய சந்தேகம் என்று பிரித்துக்கொள்ளலாம். சிறையில் மீதமிருந்தவர்களின் 2022 விடுதலைகள் இதில் வராது.

இனி த்ரில்லர். இங்கே விதி தலைகீழ்: பின்னட்டையைக்கூடப் படிக்காதீர்கள். பின்னட்டை எழுதுகிற புண்ணியவான்கள் முதல் நூறு பக்கத்துக் கதையை நான்கு வரியில் கொட்டிவிடுகிறார்கள்.

ஃப்ரெடரிக் ஃபோர்சைத்தின் 'தி டே ஆஃப் தி ஜக்கால்' (1971) இன்றைக்கும் பாடப்புத்தகம். பிரெஞ்சு அதிபர் டி கால் 1970-ல் வீட்டில் இயற்கையாகத்தான் இறந்தார், ஆக இந்தக் கொலைத் திட்டம் பலிக்காது என்று முதல் பக்கத்திலேயே நமக்குத் தெரியும். அப்படியும் வேர்க்கிறது. காரணம், கொலைகாரனோடு சேர்ந்து நாமும் வேலை செய்கிறோம். இறந்துபோன குழந்தையின் பிறப்புச் சான்றிதழை வைத்துப் பாஸ்போர்ட் எடுக்கிறான். பிரஸ்ஸல்ஸில் துப்பாக்கி செய்பவரிடம் குழல் குழலாகக் கழற்றிக் கவட்டுக்கோலுக்குள் அடங்கும் துப்பாக்கிக்கு ஆர்டர் கொடுக்கிறான். காட்டுக்குள் ஒரு முலாம்பழத்தைத் தொங்கவிட்டு, சுட்டுச் சுட்டுக் குறியைத் திருத்துகிறான். இந்த ஒரு காட்சிக்காகவே வாங்கலாம். பாஸ்போர்ட் தந்திரம் பிரிட்டனில் நிஜமாகவே செல்லுபடியானது, அந்த மோசடிக்குப் புத்தகத்தின் பெயரே ஒட்டிக்கொண்டது. குறை என்னவென்றால் பெண் பாத்திரங்கள் வெறும் அட்டை. ஆரம்பத்தில் பிரெஞ்சு அரசியலும் அமைப்புகளின் பெயர்களும் கொஞ்சம் திணறடிக்கும். டி கால்மீது நடந்த 1962 ஆகஸ்ட் தாக்குதல், அதற்காக ஒருவர் சுட்டுக்கொல்லப்பட்டது, தலைமறைவு ராணுவக் கும்பல் காசில்லாமல் நிற்பது, இந்த மூன்றும் மனதில் நின்றால் மேலே போகலாம்.

நேர்மையான ஆட்டம் என்றால் கெய்கோ ஹிகாஷினோவின் 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' (ஜப்பானில் 2005). கொலை ஆரம்பத்திலேயே நம் கண்முன் நடக்கிறது. யார், எதற்கு, எந்த மின்வயரால் என்று எல்லாம் தெரியும். அடுத்த வீட்டுக் கணக்கு வாத்தியார் இஷிகாமி அதை எப்படி மறைக்கிறார் என்பதுதான் கேள்வி என்று நினைத்துக்கொண்டு போவோம். அங்கேதான் கவிழ்ப்பார். வடிவியல் கணக்குபோலத் தோன்றும், உண்மையில் சார்புக் கணக்கு. மாணவர்களின் குருட்டு நம்பிக்கையைப் பிடிக்கவே இப்படிக் கேள்வி தயாரிப்பேன் என்று இஷிகாமி ஓரிடத்தில் சொல்கிறார். மொத்தப் புத்தகத்தின் சாவியும் அந்த வரிதான், மறைக்காமல் மேசைமேல் வைத்திருக்கிறார். முடித்ததும் முதல் அத்தியாயத்துக்குத் திரும்பி, அவர் காலையில் பள்ளிக்கு நடந்து போகும் வழியை இன்னொரு முறை படியுங்கள். அங்கே ஒரு வாக்கியம்கூடப் பொய் இல்லை என்பது தெரியும். எந்தத் த்ரில்லருக்கும் இந்தச் சோதனையைப் போட்டுப் பார்க்கலாம். பாதிக்குமேல் தோற்றுவிடும்.

கில்லியன் ஃப்ளினின் 'கான் கேர்ள்' (2012) அதில் தேறும். மனைவி காணாமல் போகிறாள்; போலீஸிடம் இதுவரை எத்தனை பொய் சொன்னேன் என்று கணவன் நமக்கே கணக்கு சொல்கிறான். சொல்லாமல் விட்டது என்ன என்று கேட்காதது நம் தப்பு. முதல் பாதி கத்தி. நடுத் திருப்பத்துக்குப் பிறகு வேகம் குறையாவிட்டாலும் நம்பகம் தேய்கிறது, முடிவு பலருக்குக் கசக்கும். இதன் வெற்றிக்குப் பிறகு தலைப்பில் 'கேர்ள்' போட்டு வந்தவற்றில் பெரும்பாலானவை குடித்துவிட்டோ மறந்துவிட்டோ கதை சொல்லும் நாயகியை வைத்து ஒப்பேற்றுகின்றன. ஞாபகமறதியைத் தவிர வேறு ரகசியமே இல்லாத கதைக்குப் பணம் தரவேண்டாம்.

தமிழ் பாக்கெட் நாவல்களை இவற்றோடு ஒப்பிடுவது நியாயமாகாது. பஸ் ஸ்டாண்ட் கடையில் வாங்கி ஊர் சேருவதற்குள் முடிக்க எழுதியவை அவை. இரண்டு தனிக் கதைகள் ஒற்றைப்படை, இரட்டைப்படை அத்தியாயங்களில் ஓடி, கடைசியில் ஒரு புள்ளியில் முட்டிக்கொள்ளும் அமைப்பு இன்றைக்கும் வேலை செய்கிறது. கோளாறு எப்போதும் வால்பகுதியில்: இன்ஸ்பெக்டர் காபி குடித்துக்கொண்டே மூன்று பக்கத்துக்கு விளக்கம் சொல்வார், அதில் பாதித் தகவல் நமக்கு அதுவரை தரப்பட்டே இருக்காது. சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' மட்டும் இந்தக் குறையிலிருந்து சாமர்த்தியமாகத் தப்பிக்கிறது. பேயா விஞ்ஞானமா என்று கணேஷையும் வசந்தையும் கடைசிவரை மோதவிட்டு, தீர்ப்பை நம் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்.

வடிவம் பற்றி ஒரு வார்த்தை. 'கான் கேர்ள்' ஆடியோவில் நன்றாகவே போகும், இரண்டு குரல், இரண்டு தரப்பு. ட்ரூ க்ரைமை ஆடியோவில் கேட்டால் பெயரும் தேதியும் நழுவும், பின்னால் புரட்டித் தேடுவதும் சிரமம். மின்புத்தகத்தில் மாதிரிப் பக்கங்கள் இலவசம். ஆனால் அந்த மாதிரியில் ஆரம்பம்தான் வரும், நமக்கு வேண்டிய கடைசி இருபது பக்கம் வராது. அதற்குக் கடையிலோ நூலகத்திலோ நின்றுகொண்டு பிரித்துப் பார்ப்பதுதான் வழி.