போலி லாகின் பக்கத்தில் ஏமாறாத சாவி: சிறு தொழில்களுக்கு யூபிகீ சரிப்படுமா?

எழுத்துப்பிழை இருந்தால் போலி மெயில் என்று ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுத்த காலம் முடிந்துவிட்டது. திருப்பூர் பனியன் ஏற்றுமதி அலுவலகத்துக்கு ஜெர்மன் வாடிக்கையாளர் பெயரில் வரும் போலி மெயிலை இன்று ஏஐ எழுதித் தருகிறது. ஆங்கிலத்தில் பிசிறு இருக்காது. பழைய மெயில் ஒன்று திருடனிடம் சிக்கியிருந்தால் ஆர்டர் எண், அவர் வழக்கமாக விளிக்கும் முறை எல்லாம் அச்சு அசலாக வரும். இணைப்பைத் தட்டினால் கூகுள் லாகின் போலவே ஒரு பக்கம் திறக்கும். அங்கே போடும் பாஸ்வேர்டையும் ஓடிபி-யையும் நடுவில் இருக்கும் ப்ராக்ஸி (இடையில் நிற்கும் கணினி) அந்த நொடியே உண்மையான கூகுளுக்கு அனுப்பி, திரும்பி வரும் செஷன் குக்கியை, அதாவது லாகின் முடிந்ததைக் காட்டும் அடையாளச் சீட்டை, பிடித்துக்கொள்ளும். எவில்ஜின்க்ஸ் போன்ற கருவிகளின் வேலை இதுதான். ஓடிபி வைத்திருந்தும் கணக்கு பறிபோவது இந்த வழியில்தான்.

யூபிகோ நிறுவனத்தின் யூபிகீ என்ற கையடக்க லாகின் சாவி இந்த ஓட்டையைத்தான் அடைக்கிறது. பேட்டரி கிடையாது, யூஎஸ்பியில் செருகலாம், என்எஃப்சி (அருகில் காட்டினாலே தகவல் பரிமாறும் வசதி) உள்ள போனின் முதுகில் ஒட்டிக் காட்டலாம். ஒரு தளத்தில் பதிவு செய்யும்போது அந்த டொமைனுக்கென்றே (தளத்தின் முகவரிக்கென்றே) தனி டிஜிட்டல் சாவி ஜோடியை உருவாக்குகிறது. பிறகு லாகின் செய்யும்போது எந்த டொமைனில் நிற்கிறோம் என்பதைப் பிரவுசர் சொல்கிறது, மனிதக் கண் அல்ல. முகவரியில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் சாவி பதில் தராது. 2022-இல் கிளவுட்ஃப்ளேர் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் ஊழியர்கள் மூன்று பேர் போலிப் பக்கத்தில் பாஸ்வேர்டைக் கொடுத்தே விட்டார்கள். இத்தகைய சாவிகள் இருந்ததால் திருடர்களால் உள்ளே நுழைய முடியவில்லை. அதே சமயத்தில் அதே பாணியில் தாக்கப்பட்ட ட்விலியோ நிறுவனம் தப்பவில்லை.

எதை வாங்குவது? யூபிகோவிடம் யூபிகீ 5 என்எஃப்சி, செக்யூரிட்டி கீ என்எஃப்சி என்று இரண்டு உண்டு. இரண்டாவதன் விலை முதலாவதில் ஏறத்தாழ பாதி. கூகுள், மைக்ரோசாஃப்ட் கணக்குகளை மட்டும் காக்க விலை குறைந்ததே போதும். ஓடிபி செயலிக்கான கணக்குகளையும் சாவியிலேயே வைக்க விரும்பினால் மட்டும் 5 வரிசை. எதை வாங்கினாலும் ஃபர்ம்வேர் (சாவிக்குள் பதிந்திருக்கும் மென்பொருள்) 5.7 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று யூபிகோ ஆத்தென்டிகேட்டர் செயலியில் பாருங்கள். அதற்கு முந்தையவற்றில் 2024 செப்டம்பரில் ஒரு குறை வெளியானது. சாவி கையில் சிக்கி, விலையுயர்ந்த கருவியும் இருந்தால்தான் அதைப் பயன்படுத்த முடியும். ஆனால் ஃபர்ம்வேரைப் பின்னால் மாற்ற முடியாது என்பதால் பழைய சரக்கைத் தள்ளுபடியில் வாங்காதீர்கள்.

ஆறு பேர் உள்ள அலுவலகத்தில் முதலாளி, கணக்காளர், அட்மின் மூவருக்கும் ஆளுக்கு இரண்டு: ஒன்று சாவிக்கொத்தில், மற்றொன்று பீரோவில். ஒரே சாவியோடு நிறுத்துவது வேண்டவே வேண்டாம். மற்றவர்களுக்குப் போனிலேயே பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் போனில் சேமிக்கும் டிஜிட்டல் சாவி) வைத்துக்கொடுத்தால் போதும். அதுவும் டொமைனைப் பார்த்துத்தான் திறக்கும்.

சாவி வாங்கிய பலர் கோட்டை விடுவது அமைப்பில்தான். சாவியைச் சேர்த்துவிட்டு எஸ்எம்எஸ் ஓடிபி-யையும் அப்படியே விட்டால், போலிப் பக்கம் ‘வேறு வழியில் முயல்க’ என்று காட்டி ஓடிபி-யைக் கேட்டு வாங்கிவிடும். கூகுள் வொர்க்ஸ்பேஸில் அட்மின் கன்சோலின் செக்யூரிட்டி பகுதியில், 2-ஸ்டெப் வெரிஃபிகேஷனுக்குள் போய், இந்த மூவருக்கும் ‘செக்யூரிட்டி கீ மட்டும்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றவர்களுக்கு எஸ்எம்எஸ், போன் அழைப்பு தவிர்த்த வழிகள். கட்டாயமாக்கும் முன் மூவரும் இரண்டு சாவிகளையும் பதிந்துவிட்டார்களா என்று சரிபாருங்கள். இல்லாவிட்டால் மறுநாள் காலை கணக்காளர் வெளியே நிற்பார்.

‘சாவி மட்டும்’ என்றாக்கிய கணக்கில் ஆப் பாஸ்வேர்ட் (2-ஸ்டெப் தெரியாத கருவிகளுக்கான தனிப் பாஸ்வேர்ட்) கிடைக்காது. அதை வைத்து மெயில் அனுப்பிக்கொண்டிருந்த ஸ்கேனர் நின்றுபோகும். அதற்கு வொர்க்ஸ்பேஸின் எஸ்எம்டிபி ரிலேவில் (கருவிகளின் மெயிலை அனுப்பித்தரும் சேவை) அலுவலகத்தின் நிலையான ஐபி முகவரியை அனுமதிக்கலாம். சாவிக்கு வைத்த பின் (PIN) எண்ணை எட்டு முறை தவறாகப் போட்டால் பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு ரீசெட்தான், அந்தச் சாவியில் இருந்த லாகின் பதிவுகள் அழியும். பீரோவில் இருக்கும் இரண்டாவது சாவி அன்றுதான் உதவும்.

மலிவான ஹோஸ்டிங்கோடு வந்த வெப்மெயிலைத்தான் பயன்படுத்துகிறீர்கள் என்றால், அது பாஸ்வேர்ட் மட்டுமே கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்படியானால் சாவியால் பயனில்லை. மெயிலை மாற்றிய பிறகு சாவி வாங்கலாம். நம் வங்கிகளின் நெட் பேங்கிங்கும் பெரும்பாலும் ஓடிபி-யையே நம்பியிருக்கிறது.

லாகின் முடிந்த பிறகு நடப்பதையும் இந்தச் சாவி காக்காது. கிராக் செய்த மென்பொருளோடு வந்த திருட்டு நிரல் கணினிக்குள் இருந்தால், திறந்திருக்கும் செஷன் குக்கியை அது அள்ளிக்கொண்டு போகும். குரலையும் முகத்தையும் போலி செய்யும் மோசடிக்கும் இது பதிலில்லை. 2024-இல் ஆரூப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் ஊழியர், நிதித் தலைவர் பேசுவதாக நம்பிய வீடியோ அழைப்புக்குப் பிறகு 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிவிட்டார். வாடிக்கையாளரின் மெயிலே களவு போய், அங்கிருந்து ‘வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று இன்வாய்ஸ் வந்தாலும் இதே நிலைதான். அந்த மெயிலில் உள்ள எண்ணுக்கு அல்ல, பழைய கோப்பில் உள்ள எண்ணுக்கு அழைத்துக் கேட்ட பிறகே பணம் போக வேண்டும். போய்விட்டால் வங்கிக்குச் சொல்லிவிட்டு உடனே சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குள் முடக்க முடிவது அந்த முதல் சில மணி நேரத்தில்தான்.