கோம்பி எஞ்சின் எங்கிருந்து மூச்சு வாங்க வேண்டும்? மூன்று ஏற்பாடுகள், ஒரு தேர்வு

தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து அம்லாங்காவுக்கும் பலிட்டோவுக்கும் தார் ரோட்டில் மட்டும் போய்வரும் ஃபோக்ஸ்வாகன் கோம்பி வேனுக்கு எந்தக் காற்று ஃபில்டரைப் போட்டாலும் காலம் ஓடிவிடும். பள்ளி விடுமுறையில் குடும்பத்தையும் கட்டுச்சோற்றையும் ஏற்றிக்கொண்டு கரூ என்ற வறண்ட நிலப்பகுதியின் மண் ரோட்டில் இறங்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். செரஸுக்கும் கால்வினியாவுக்கும் நடுவே ஆர்355 சாலை சுமார் 250 கிலோமீட்டர். இடையில் ஒரு ஊர் கிடையாது. அந்தத் தூசியில் எந்த ஏற்பாடு எஞ்சினைக் காப்பாற்றும் என்பதே இங்கே கேள்வி.

நான் பேசுவது டி3, அதாவது மூன்றாம் தலைமுறைக் கோம்பியைப் பற்றி. இன்று கரீகா என்று பெயர் மாறியிருக்கும் ஆய்டன்ஹேகில் 2002 வரை செய்த வண்டி இது. ரேடியேட்டர் முன்னால், எஞ்சின் பின்னால். ஓடும்போது வண்டியின் முதுகுக்குப் பின்னே காற்றழுத்தம் குறைகிறது. சக்கரம் கிளப்பும் தூசியும் எஞ்சின் புகையும் அந்தக் குறைவழுத்தத்துக்குள் இழுபட்டு அங்கேயே சுழல்கின்றன. ஆகவே வண்டியிலேயே அழுக்கான காற்று இருப்பது எஞ்சினைச் சுற்றித்தான். (பின் கண்ணாடியைத் திறந்துவைத்து ஓட்டாதீர்கள் என்று பெரியவர்கள் சொல்வதும் இதனால்தான். புகை உள்ளே வரும், பின்படுக்கையில் பிள்ளைகள் தூங்குவார்கள்.)

கம்பெனி ஏற்பாட்டில், பின்பக்க ஜன்னலை ஒட்டி மேலே இருக்கும் பக்கவாட்டுச் சல்லடைத் திறப்பு வழியாகக் காற்று இறங்கி, குழாய் வழியே பெட்டிக்குள் இருக்கும் பேப்பர் ஃபில்டருக்கு வருகிறது. உயரத்தில் தூசி குறைவு, எஞ்சின் சூடும் எட்டாது. நல்ல பேப்பர் ஃபில்டர் நுண்தூசியையும் பிடிக்கும். நிறைய தூசி சேர்ந்தால் அடைபடும், அவ்வளவுதான். கையில் இன்னொன்று இருந்தால் ரோட்டோரத்திலேயே மாற்றிவிடலாம்.

இதற்குப் போட்டியாகக் கடைகளில் பளபளவென்று தொங்குவது கூம்பு ஃபில்டர். எண்ணெய் தடவிய பஞ்சுத்துணி. பெட்டியையும் குழாயையும் கழற்றிவிட்டு எஞ்சின் அறைக்குள்ளேயே திறந்தபடி மாட்டுவார்கள். சத்தம் கம்பீரமாக மாறும், வேகம் கூடியது போலவும் தோன்றும். ஆனால் கணக்கு வேறு. வெளியே 25 டிகிரி, எஞ்சின் அறையில் 55 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சூட்டில் காற்று விரிவதால் அடர்த்தி ஏறத்தாழ 9 சதவீதம் குறையும், இழுவையும் அதற்கேற்பக் குறையும். ஜோஹானஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்தைவிட அங்கே காற்று ஏற்கெனவே ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக மெலிந்துவிடும். டர்பனிலிருந்து அங்கே போகும் என்3 நெடுஞ்சாலையில் வான் ரீனன் கணவாயைச் சுமையோடு ஏறும் வண்டிக்கு இன்னொரு 9 சதவீதத்தை இழக்க வசதி கிடையாது. கூடவே, தூசி சுழலும் இடத்திலேயே வாயைத் திறந்துவைத்தது போலாகிறது. படுத்துத் தூங்கிப் பயணம் போகும் கேம்பர் வண்டிக்கு இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது, கூரை வரை ஏறும் ஸ்நார்க்கல் குழாய், அதன் தலையில் சுழல்கிண்ணம். காற்றைச் சுழற்றிவிட்டால் கனமான தூசி ஓரத்துக்கு ஒதுங்கிக் கிண்ணத்தில் விழும். வேலை செய்யும், சந்தேகமில்லை. முன்னால் போகும் லாரியின் தூசியிலேயே நாள் முழுக்க ஓட்டுபவருக்குப் பேப்பர் ஃபில்டரின் ஆயுள் நன்றாகக் கூடும். மாவு போன்ற நுண்தூசி மட்டும் தப்பிவிடும், அதனால் உள்ளே ஃபில்டர் இருந்தே ஆக வேண்டும். குழாய் ஒல்லியாகவோ வளைவு அதிகமாகவோ இருந்தால் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். கூரையை மேலே தூக்கிவிடும் வண்டியில் குழாய் கூரையோடு முட்டாமல் பொருத்துவதும் தனி வேலை.

இதற்கு முந்தைய தலைமுறையான, காற்றால் எஞ்சினைக் குளிர்விக்கும் டி2 வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே பக்கத் திறப்புகள் வழியாகத்தான் எஞ்சினைக் குளிரவைக்கும் காற்றும் வருகிறது. ஆகவே எஞ்சின் தகட்டைச் சுற்றியிருக்கும் ரப்பர்தான் உயிர். அது கிழிந்தால் கீழேயிருக்கும் சூடான காற்று மேலேறி மறுபடி விசிறிக்குள் போகும். திறப்புகளில் வெளியே மாட்டும், காற்றை உள்ளே திருப்பும் காதுமடல் மூடிகளை வாங்கும் முன் அந்த ரப்பரை மாற்றுங்கள்.

டி3-க்கு என் தேர்வு, கம்பெனி ஏற்பாட்டையே முழுமையாக வைத்துக்கொள்வது. நீண்ட மண் ரோடு வழக்கமாக இருந்தால் மட்டும் சுழல்கிண்ணம். எதை வைத்தாலும் இணைப்புகள் இறுக்கமாக இருக்க வேண்டும். பெட்ரோலைப் பீய்ச்சும் (ஃப்யூயல் இன்ஜெக்ஷன்) வண்டியில் காற்றை அளக்கும் கருவிக்குப் பின்னால் ஒரு விரிசல் விழுந்தால், அளக்கப்படாத காற்று உள்ளே போய்க் காற்று-பெட்ரோல் கலவை மெலியும், எஞ்சின் சூடாகும். ஃபில்டருக்கும் அந்தக் கருவிக்கும் இடையில் விரிசல் என்றால் தூசி நேராக உள்ளே போகும். பயணம் முடிந்து வந்ததும் ஃபில்டருக்கு அடுத்த குழாயைக் கழற்றி உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் மண் ஒட்டினால், புது ஃபில்டர் வாங்கும் முன் அந்தக் குழாயையும் அதன் கிளிப்புகளையும் மாற்றுங்கள்.