மாம்பலகை முகப்பும் ஐந்து கோடைகளும்

வீட்டிலேயே ஸ்பீக்கர் பெட்டி செய்துகொள்ளலாமா என்று பாலக்கோட்டு நண்பர் ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் கேட்டார். அவர் கேட்ட நேரத்தில் நானே செய்த ஜோடியில் இடதுபக்கப் பெட்டி முகப்புப் பலகை கழற்றப்பட்டுத் திண்ணையில் மல்லாந்து கிடந்தது. ஐந்து ஆண்டுகளில் இது மூன்றாவது பழுது. ஆகையால் நான் எழுதுவதில் கொஞ்சம் கோபமும் கலந்திருக்கும்.

பெட்டியின் அமைப்பு எளியது: தாழ்ந்த சுரங்களுக்கு 8 அங்குல வூஃபர், உயர்ந்த சுரங்களுக்கு 1 அங்குல ட்வீட்டர், 18 மி.மீ. பிளைவுட், உள்ளளவு 25, 29, 45 செ.மீ. குறுக்குச் சட்டமும் குழாயும் வூஃபரும் அடைக்கும் இடம் போக ஏறத்தாழ 30 லிட்டர் காற்று மிஞ்சும். இந்தக் கொள்ளளவை நான் குத்துமதிப்பாக வைக்கவில்லை. ஒலிப்பொறியாளர்களான நெவில் தீல் 1961இல் வகுத்து, ரிச்சர்ட் ஸ்மால் 1970களில் விரித்த கணக்கின்படி வூஃபரின் அளவுகளிலிருந்து வந்ததுதான் அது.

கணக்கு சரியாக இருந்தும் முதல் நாள் ஒலி எனக்குப் பிடிக்கவில்லை. போர்ட் என்று சொல்லப்படும் காற்றுக்குழாயை, 7 செ.மீ. உள்விட்டமுள்ள பி.வி.சி. குழாயில் 7.5 செ.மீ. மட்டுமே வெட்டிப் பொருத்தியிருந்தேன். பெட்டி 55 ஹெர்ட்ஸை (நொடிக்கு 55 அதிர்வு) ஒட்டி இசைந்து, எதைப் போட்டாலும் அந்த ஒரே சுரத்தில் உறுமியது. குறுகிய வாயுள்ள செம்பில் ஊதினால் அது தனக்குரிய ஒரே சுரத்தில் ஒலிக்கும் அல்லவா, இதுவும் அதே சங்கதிதான். பெட்டிக்குள் இருக்கும் காற்று சுருள்வில்லாகவும், குழாய்க்குள் இருக்கும் காற்று அதில் தொங்கும் எடையாகவும் வேலை செய்கின்றன. குழாய் நீண்டால் எடை கூடும், சுரம் தாழும். 16.5 செ.மீ. குழாயை மாற்றியதும் இசைவு 42 ஹெர்ட்ஸுக்கு இறங்கியது. நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த சுரமே 41 ஹெர்ட்ஸ்தான் என்பதால் அதற்குக் கீழே போக வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை.

அதைச் சரிபார்த்த மாலை இன்னும் நினைவில் இருக்கிறது. ஒற்றைச் சுரம் எழுப்பும் கைப்பேசிச் செயலியில் 60 ஹெர்ட்ஸிலிருந்து ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே, வூஃபரின் கூம்பில் விரல்நுனியை வைத்திருந்தேன். 42ஐ நெருங்கியதும், அதுவரை துடித்துக்கொண்டிருந்த கூம்பு ஏறக்குறைய அசையாமல் நின்றுவிட்டது. குழாய் வாயில் பிடித்திருந்த மறுகையில் காற்று குப்பென்று அடித்தது. எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவில் நானே பதிவு செய்து வைத்திருந்த பம்பையை அன்றிரவு போட்டேன். தோலில் குச்சி விழும் வெட்டும், அதன்பின் எழும் கீழ்ச்சுரமும் தனித்தனியாகக் கேட்டன. இத்தனை ஆண்டுகளில் அந்த இன்பம் குறையவே இல்லை.

மற்றவை சில்லறை வேலைகள். ட்வீட்டர் சற்றுக் கூவியதால் அதை அடக்க 2 ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) ஒன்றைச் சேர்த்தேன். உட்சுவர்களில் இலவம்பஞ்சை அப்படியே ஒட்டியது தவறு. குழாய் வழியாகப் பஞ்சு பறந்து வந்தது. பஞ்சின்மேல் மெல்லிய துணி போர்த்திய பிறகு அது நின்றது.

என்னைப் பாடாய்ப் படுத்துவது முகப்புப் பலகை. காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் தோப்பில் காற்றில் சாய்ந்த பழைய மாமரம் ஒன்றை அறுத்து வைத்திருந்தோம். அதன் வரியோட்டத்தின் அழகைப் பார்த்துவிட்டு, முகப்பு மட்டும் மாம்பலகையாக இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். "இன்னும் பச்சை வாடை போவல தம்பி, ஒரு கோடை தாண்டட்டும்" என்று ஆசாரி சொன்னார். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓர் ஆண்டு காயவேண்டும் என்பது பொதுக் கணக்கு. நான் நான்கு மாதங்கூடப் பொறுக்கவில்லை.

அதன் விளைவு ஆண்டுதோறும் தவறாமல் வருகிறது. பங்குனி, சித்திரை வெயிலில் மாம்பலகை அகலவாக்கில் சுருங்குகிறது. அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்ட பிளைவுட் அவ்வாறு சுருங்குவதில்லை. இரண்டையும் பசையால் இறுக்கி ஒட்டியிருந்ததால் ஓரத்தில் மயிரிழை அளவு பிளவு விட்டு, தாழ்ந்த சுரங்களில் 'ஸ்ஸ்' என்று காற்று கசிகிறது. ஐப்பசி மழையில் தானாகவே மூடிக்கொள்கிறது. முதல் ஆண்டு வூஃபர் கெட்டுவிட்டதென்று எண்ணிக் கழற்றியே பார்த்துவிட்டேன். பிறகுதான் 40 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, எரியும் ஊதுபத்தியை விளிம்பை ஒட்டி மெல்ல நகர்த்தினேன். நேராக எழுந்துகொண்டிருந்த புகை, கீழ் இடது மூலையிலிருந்து நான்கு விரற்கடை மேலே வந்ததும் நடுங்கிச் சிதறியது. மரத்தூளும் பசையும் குழைத்து இருமுறை அடைத்தேன். அடுத்தடுத்த கோடைகளில் அதற்குப் பக்கத்திலேயே பிளந்தது.

இம்முறை பசையை முழுவதும் சுரண்டிவிட்டு, விளிம்பில் நுரைநாடா ஒட்டி, திருகுத் துளைகளைப் பலகை நகரும் திசையில் நீளவாட்டமாக அகலப்படுத்தித் திருகியிருக்கிறேன். பலகை இனி நாடாவின்மேல் தன் போக்கில் நகரலாம். நேற்று ஊதுபத்திப் புகை எங்கும் சிதறவில்லை.

நண்பருக்கு என் பதில், வேண்டாம் என்பதே. பம்பை அப்படிக் கேட்கும் என்று மேலே எழுதியதில் ஒரு சொல்லையும் மாற்றமாட்டேன். ஆனாலும் ஒரு வாரமாகத் திண்ணையில் குனிந்து பசை சுரண்டிய முதுகுவலியோடு, இதைச் செய்யுங்கள் என்று இன்னொருவருக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வலதுபக்கப் பெட்டியின் மேல் ஓரத்திலும் ஒரு மயிரிழை தெரிகிறது. அதை இன்னும் திறக்கவில்லை.