மலை வீட்டுக்கு ஹீட்டர் மாற்றுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு மாற்றுங்கள்

கொடைக்கானல், ஊட்டி, ஏற்காடு என்று மலையில் சின்னதாக ஒரு வீடு வைத்துக்கொண்டு, லீவுக்கு லீவு போய்வரும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் இருப்பது மதுரையில். மாமா ரிட்டயர் ஆன பணத்தில் வில்பட்டிப் பக்கம் இரண்டு அறையோடு கட்டிய வீடு அது. மாமா இப்போது இல்லை. மே மாதம், காலாண்டு லீவு, டிசம்பர், பொங்கல் என்று வருசத்துக்கு நாலைந்து தடவை போவோம். மற்ற நாளெல்லாம் பூட்டித்தான் கிடக்கும்.

குளியலறையில் மாமா 2001-இல் மாட்டிய 25 லிட்டர் ஹீட்டர் ஒன்று இருந்தது. போன அக்டோபரில் போனபோது சுவிட்சைப் போட்டால் சிவப்பு லைட் எரிகிறது, தண்ணீர் மட்டும் சுடவில்லை. கீழே சொட்டுச் சொட்டாக ஒழுகவும் செய்தது. மறுநாள் ஊர் திரும்ப வேண்டும். வத்தலக்குண்டு வழியாக இறங்கி வரும்போது தெரிந்தவர் ஒருவர் சொன்ன கடையில் விசாரித்து, ஆள் அனுப்பிப் பார்க்கச் சொல்லிவிட்டு வந்தோம். வீட்டுச் சாவி பக்கத்தில் தோட்டம் பார்க்கும் அண்ணனிடம் இருக்கும், அவர் திறந்துவிடுவார். நாங்கள் இல்லாமல் வேலை நடக்கட்டும் என்று விட்டதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

இரண்டு நாள் கழித்துக் கடைக்காரர் போன் பண்ணினார். "அக்கா, டேங்க் ஓட்டையாயிருச்சு. இருபது வருசத்துக்கு மேல ஓடின சாமான், இனி தேறாதுக்கா. நீங்க வருசத்துக்கு நாலு தரம்தான வர்றீங்க, இன்ஸ்டன்ட் மாட்டிக்கங்க. டேங்குல தண்ணி தேங்கிக் கிடக்காது, கரண்டும் மிச்சம்."

இன்ஸ்டன்ட் என்றால் தண்ணீரைச் சேர்த்து வைத்துக் காய்ச்சாமல், குழாயில் ஓட ஓடச் சுடவைக்கிற வகை. அவர் சொன்னதில் பாதி உண்மை, அதனால்தான் நம்பினேன். மாதக்கணக்கில் டேங்கில் தண்ணீர் தேங்கினால் நாற்றம் பிடிக்கும், கிருமி வளரும். லீஜியோனெல்லா என்கிற நுரையீரல் நோய்க் கிருமிக்கு வெதுவெதுப்பான தேங்கிய தண்ணீர் ரொம்பப் பிடிக்கும். அத்தைக்கு 71 வயது, மூச்சிரைப்பு உண்டு. 3 லிட்டர், 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர் 3,800, மாட்டுவதற்கு 1,200, பைப், சாக்கெட் என்று 650. பழசை அவர்களே எடுத்துக்கொண்டு 400 ரூபாய் கழித்தார்கள். மொத்தம் 5,250 அனுப்பினேன்.

டிசம்பர் கடைசியில் ஐந்து பேராகப் போனோம். காலை ஏழு மணி, பனி ஜன்னல் கண்ணாடியில் வழிகிறது. அத்தைக்கு முதலில் தண்ணீர் பிடித்து வைக்கலாம் என்று குழாயைத் திறந்தேன். திறந்துவிட்டால் வருவது பச்சைத் தண்ணீர். மெல்ல மெல்ல மூடிக்கொண்டே வந்து, பென்சில் கனத்துக்கும் கீழே ஒரு நூல் மாதிரி விட்டால்தான் சூடு தெரிந்தது. ஒரு வாளி நிறைய கால் மணி நேரம். நிறைவதற்குள் முதலில் விழுந்தது ஆறிவிடுகிறது. அத்தை சால்வையைப் போர்த்திக்கொண்டு வாசலிலேயே நின்றார்கள். "பரவாயில்லம்மா, அடுப்பில காய வச்சுக்கலாம்" என்றார்கள். அந்தப் பேச்சைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் போகவில்லை.

இது மெஷின் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். கணக்குப் போட்ட பிறகுதான் புரிந்தது. மதுரையில் குழாய்த் தண்ணீரே 28 டிகிரி இருக்கும். அதைக் குளிக்கிற பதமான 40-க்குக் கொண்டுவர 12 டிகிரி ஏற்றினால் போதும். 3 கிலோவாட் ஹீட்டர் நிமிடத்துக்கு மூன்றரை லிட்டர் வரை கொடுக்கும், 15 லிட்டர் வாளி நாலைந்து நிமிடத்தில் நிறையும். மலையில் டிசம்பர் காலையில் தொட்டித் தண்ணீர் 13 டிகிரி. 27 டிகிரி ஏற்ற வேண்டும். அதே ஹீட்டர் நிமிடத்துக்கு 1.6 லிட்டர்தான் தரும். அதுவும் வோல்டேஜ் 230 முழுசாக வந்தால். எங்கள் வீட்டில் அன்று காலை மீட்டர் வைத்துப் பார்த்தபோது 182. வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் சூடாக்கும் சக்தியும் அவ்வளவுதான் குறையும் என்று நினைத்துவிடாதீர்கள். அது இரண்டு மடங்கு வேகத்தில் விழும். 3 கிலோவாட் என்று எழுதியிருக்கிற மெஷின் 182-இல் 1.9 கிலோவாட் கூட வேலை செய்யாது. அதனால்தான் நிமிடத்துக்கு ஒரு லிட்டர், வாளிக்குக் கால் மணி நேரம். மலையடிவாரத்தில் வருசக்கணக்கில் கடை நடத்துகிறவருக்கு இது தெரியாமல் இருக்காது.

மூன்றாவது வாளியில் கருகல் வாடை வந்தது. சாக்கெட்டின் ஓரம் பழுப்பேறி, பிளாஸ்டிக் லேசாக உருகியிருந்தது. உடனே மெயினை அணைத்துவிட்டு, தோட்டத்து அண்ணன் மூலம் உள்ளூர் எலக்ட்ரீஷியனை வரச் சொன்னோம். பெரியவர், அறுபதைத் தாண்டியவர். சாக்கெட்டைக் கழற்றி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒயரைப் பிடிக்கிற திருகு முழுசாக முடுக்கப்படவே இல்லை, விரலால் தொட்டால் ஆடுகிறது. அந்த இடைவெளியில்தான் சூடேறி உருகியிருக்கிறது. அதைவிட மோசம், கசிகிற கரண்டை மண்ணுக்கு இறக்கிவிட வேண்டிய பச்சை நிற எர்த் ஒயர். அதை மடித்து, கறுப்பு டேப் சுற்றி, பெட்டிக்குள் தள்ளிவிட்டிருந்தார்கள். எங்குமே இணைக்கவில்லை. "உள்ள தண்ணியச் சுடவைக்கிற கம்பிச்சுருள், அந்தக் காயில் உடைஞ்சு தண்ணியில கரண்ட் இறங்கியிருந்தா என்னம்மா ஆயிருக்கும்?" என்றார். என் பையன் அப்போது ஈரக் காலோடு அதே குளியலறையில் நின்றுகொண்டிருந்தான்.

அப்புறம் அவர் கேட்டார்: "பழைய ஹீட்டர் எங்கம்மா? பத்து வருசம் முன்னால அதுக்கு நான்தான் காயில் மாத்தினேன். உள்ள செம்பு டேங்க் ஆச்சே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓட்டை என்றார்களே என்றேன். எங்கே ஒழுகியது என்று கேட்டார். அக்டோபரில் என் பையன் எடுத்த வீடியோ போனில் இருந்தது, போட்டுக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தால் தெளிவாகத் தெரிகிறது: தண்ணீர் சொட்டுவது டேங்கின் உடம்பிலிருந்து இல்லை. தண்ணீர் உள்ளே போகும் குழாயில், சின்னப் பிடியோடு ஒரு பித்தளை வால்வ் இருக்கிறதல்லவா, அதன் மூக்கிலிருந்து. அது சேஃப்டி வால்வ். தண்ணீர் சூடாகி விரியும்போது கூடுதல் அழுத்தத்தை வெளியே விடத்தான் அது இருக்கிறது. சுடவைக்கும்போது நாலு சொட்டு விடுவது அதன் வேலை. ஓயாமல் சொட்டினால் வால்வை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். லைட் எரிந்தும் சுடவில்லை என்றால் பெரும்பாலும் காயிலோ, சூட்டைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட்டோ போயிருக்கும். மூன்றையும் மாற்றினாலும் கூலியோடு இரண்டாயிரத்துக்குள் முடிந்திருக்கும் என்றார்.

பழைய ஹீட்டர்கள் பலவற்றில் உள்டேங்க் செம்பு. இப்போது வருவது பெரும்பாலும் கண்ணாடிப் பூச்சுப் போட்ட இரும்பு, இல்லாவிட்டால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். எங்கள் டேங்கில் செம்பு நாலைந்து கிலோவாவது தேறும் என்றார் பெரியவர். மதுரையில் பழைய சாமான் கடையில் விசாரித்தேன், அப்போது செம்பு கிலோ 650 ரூபாய்க்கு எடுத்தார்களாம். எங்களுக்குக் கழித்தது 400. மாமா பார்த்துப் பார்த்து வாங்கி மாட்டிய சாமான் என்று அத்தை ஒரு தடவைதான் சொன்னார்கள், மேற்கொண்டு பேசவில்லை.

கடைக்குப் போன் பண்ணினேன். "அது ஸ்கிராப்புக்குப் போயிருச்சுக்கா, உருக்கியிருப்பாங்க." இன்ஸ்டன்ட் பற்றிக் கேட்டால், "கம்பெனிக்குப் போட்டுக் கேளுங்க." சரி என்று கம்பெனி எண்ணுக்குப் போட்டேன். மெஷினில் ஒட்டியிருந்த சீரியல் நம்பரைச் சொன்னதும் அந்தப் பெண் நிதானமாகச் சொன்னார்: இந்த நம்பர் ஏற்கெனவே வேறொருவர் பெயரில் வாரண்டிக்குப் பதிவாகியிருக்கிறது மேடம். அப்போதுதான் பரணில் கிடந்த பெட்டியை எடுத்துப் பார்த்தேன். பெட்டியில் ஒரு நம்பர், மெஷினில் வேறு நம்பர். அதாவது யாரோ வாங்கித் திருப்பிக் கொடுத்ததைத் துடைத்து எங்களுக்கு மாட்டியிருக்கிறார்கள். வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் இல்லை, தேதியும் இல்லை. பில் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியது "எஸ்டிமேட்" என்று அச்சடித்த துண்டுச் சீட்டு, அதில் ஜிஎஸ்டி எண்ணே கிடையாது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். தமிழிலேயே பேசலாம். பணம் அனுப்பிய விவரம், எஸ்டிமேட் சீட்டு, இரண்டு நம்பர்களின் படம், அந்த வீடியோ, உருகிய சாக்கெட்டின் படம் எல்லாவற்றையும் சேர்த்து வைத்தேன். கடை எங்கோ இருக்கிறது, அங்கே போய் வழக்கா என்று மலைக்காதீர்கள். 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரைக்கும் என்றால் கட்டணமும் இல்லை. மதுரையில் மனுப் போடப் போகிறேன் என்று கடைக்காரருக்கு எழுத்தில் அனுப்பிய மூன்றாம் நாள் 3,800 ரூபாய் திரும்பி வந்தது. மாட்டுக் கூலியும் செம்பு டேங்கின் விலையும் இன்னும் வரவில்லை. மனு தயாராகிக்கொண்டிருக்கிறது.

புதிதாக என்ன வாங்கினோம் என்று கேட்பீர்கள். கொழுந்தனார் கேஸ் ஹீட்டர் சொன்னார், வோல்டேஜ் தொல்லை இல்லை என்று. நான் ஒத்துக்கொள்ளவில்லை. குளிருக்குப் பயந்து கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு குளிக்கிற ஊரில், வாடையே இல்லாத கார்பன் மோனாக்சைடு ஆளைச் சாய்த்துவிடும். அதைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில்தான் மாட்ட வேண்டும், எங்கள் வீட்டில் அப்படி இடமில்லை. கடைசியில் பழையபடி 25 லிட்டர், 2 கிலோவாட் டேங்க் வகைதான், ஐஎஸ்ஐ முத்திரையோடு. குறைந்த வோல்டேஜில் ஒரு மணி நேரம் ஆகிறது, ஆகட்டும். எழுந்ததும் போட்டுவிட்டுக் காப்பி குடித்துவிட்டு வந்தால், கொதிநீரையும் பச்சைத் தண்ணீரையும் விளாவி இரண்டரை வாளி கிடைக்கிறது. அடுத்த ஒரு மணி நேரத்தில் அடுத்த இருவர்.

தேங்கும் தண்ணீருக்குப் பெரியவரே வழி செய்து கொடுத்தார். உள்ளே வரும் குழாயில் ஒரு கேட் வால்வ், டேங்கின் கீழே வடிக்க ஒரு குழாய். ஊருக்குக் கிளம்பும்போது கரண்டை அணைத்து, வால்வை மூடி, டேங்கை முழுசாக வடித்துவிடுகிறோம். திரும்பி வந்ததும் வால்வைத் திறந்து, சுடுதண்ணீர்க் குழாயில் தண்ணீர் விட்டுவிட்டு வராமல் சீராக வருகிற வரைக்கும் சுவிட்சைத் தொடக் கூடாது. காலி டேங்கில் சுவிட்ச் போட்டால் காயில் அப்போதே எரிந்துபோகும். இதைப் பெரிய எழுத்தில் எழுதி சுவிட்சுக்கு மேலேயே ஒட்டியிருக்கிறேன். முதல் டேங்க் தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடாக்கி, யாரும் குளிக்காமல் அப்படியே வடித்துவிடுகிறோம். டேங்கைத் துரு அரிக்காமல் இருக்க உள்ளே ஒரு மெக்னீசியக் கம்பி இருக்கிறது. டேங்குக்குப் பதிலாக அது கரையும். வருசத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

இந்தத் தடவை மாட்டும்போது நான் கூடவே நின்றேன். பெட்டி உடைக்கும் முன்பே சீரியல் நம்பரையும் தயாரித்த மாதம், வருடத்தையும் படம் எடுத்தேன், மெஷினில் இருப்பதோடு ஒத்துப் பார்த்தேன், கம்பெனியில் என் பெயரில் பதிந்த பிறகுதான் மீதிப் பணம் கொடுத்தேன். எர்த் ஒயரை இணைத்து மீட்டரில் காட்டச் சொன்னேன்.

பொங்கலுக்குப் போனபோது இரண்டு வீடு தள்ளி இருக்கிறவர்களிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா எழுந்து போய் அவர்கள் வீட்டு எஸ்டிமேட் சீட்டைக் கொண்டுவந்து காட்டினார். அதே கடை, அதே அக்டோபர் மாதம், பழைய ஹீட்டருக்குக் கழித்தது அதே 400. அவர்கள் சாக்கெட்டையும் பெரியவர் கழற்றிப் பார்த்தார். அங்கேயும் எர்த் ஒயர் டேப் சுற்றி மடித்துத்தான் கிடந்தது.